கடவுச்சொல்லைக் கடைசியாக மாற்றுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் யாராவது ஒருவர் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். கணினித் துறையில் வேலை என்று மின்தூக்கியில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதன் பலன். போன மாதம் இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். போட்டு உள்ள போனா மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது. மூணு தடவை மாத்திட்டேன்" என்றார்.

அந்த 'மூணு தடவை மாத்திட்டேன்' என்பதைக் கேட்டால்தான் எனக்குக் கவலை. கிளவுட் கணக்கு, அதாவது மின்னஞ்சலையும் கோப்புகளையும் இணையத்தில் வைத்திருக்கும் கணக்கு, திறக்காததற்குக் கடவுச்சொல்லே காரணமாக இருப்பது நான் பார்த்தவரை குறைவு. கடிகாரம், உலாவி (குரோம், எட்ஜ் போன்றவை), பழைய சிம் கார்டு, தப்பான மின்னஞ்சல் முகவரி என்று கோளாறு வேறெங்கோ இருக்கும். அதைப் பார்க்காமல் கடவுச்சொல்லை மாற்றினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த திறன்பேசியிலும் கணக்கு வெளியேறிவிடலாம். மாற்றிய மூன்றில் எது கடைசி என்பதும் மறந்துபோகும். ஒரே நாளில் இத்தனை மாற்றமா என்று நிறுவனத்தின் பாதுகாப்பு அமைப்பும் சந்தேகப்படத் தொடங்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் கடவுச்சொல் மாற்றத்தைக் கிட்டத்தட்டக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் கையை எடுங்கள்

திரும்பத் திரும்ப முயல்வதை நிறுத்துங்கள். தவறான முயற்சிகள் சேரச் சேர, கணக்கைக் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிவைப்பது இந்த நிறுவனங்களின் வழக்கம். பூட்டு விழுந்தபின் சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் திறக்காது. நீங்களோ அதுவும் தப்பு என்று முடிவுகட்டி அடுத்ததைத் தேடப் போவீர்கள்.

திரையில் வரும் செய்தியைத் திறன்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஆங்கிலமாக இருக்கிறதே என்று படிக்காமலேயே மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். 'கடவுச்சொல் தவறு' என்று வந்தால் ஒரு வழி, 'இப்படி ஒரு கணக்கே இல்லை' என்று வந்தால் இன்னொரு வழி. 'குறியீடு செல்லாது' என்றால் கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, சிக்கல் அதற்கடுத்துக் குறியீடு கேட்கும் இரண்டாவது படியில் என்று பொருள். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால் கணக்குப் பக்கமே போக வேண்டாம், கோளாறு கணினியிலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது. எந்தச் செய்தியும் இல்லாமல் அதே பக்கம் சுற்றிச் சுற்றி வந்தால் கடிகாரத்தையும் உலாவியையும் சந்தேகப்படலாம்.

அப்புறம், உங்கள் திறன்பேசியில் அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அந்தத் திறன்பேசிதான் உங்களுக்குச் சாட்சி. கணினியில் நுழையும்போது 'இது நீங்கள்தானா?' என்ற கேள்வி அதில் வரும், மீட்புக்கான குறியீடும் அதற்கே வரும். 'எல்லாவற்றிலும் வெளியேறிவிட்டுப் புதிதாக நுழைந்து பார்ப்போம்' என்று மட்டும் இறங்காதீர்கள். கையில் இருந்த ஒரே சாட்சியை அப்படி அனுப்பிவைத்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எந்தக் கணக்கு, எந்தக் கடவுச்சொல்?

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனாலும் இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜிமெயில் முகவரியைக் கொடுத்தே மைக்ரோசாஃப்ட் கணக்கும் ஆப்பிள் கணக்கும் திறக்க முடியும். முகவரி ஒன்றுதான், ஆனால் கணக்கு மூன்று, கடவுச்சொல்லும் மூன்று. மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் ஜிமெயில் கடவுச்சொல்லை நூறு முறை போட்டாலும் திறக்காது.

மைக்ரோசாஃப்டில் இன்னொரு திருகல் உண்டு. ஒரே முகவரியில் 'வேலை அல்லது பள்ளி' கணக்கு ஒன்றும் 'சொந்த' கணக்கு ஒன்றும் இருக்கலாம். நுழையும்போது இரண்டில் எது என்று கேட்கும். பிள்ளையின் பள்ளிக் கணக்கை வீட்டுக் கணினியில் ஏற்றியவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று திறக்காவிட்டால் மற்றதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

கணினியைத் தொடங்கும்போது போடும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண்ணையும் கணக்கின் கடவுச்சொல்லையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வேறு கணினியிலோ இணையப் பக்கத்திலோ அதற்கு வேலையில்லை.

கணக்கை நீங்களே திறந்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஊரில் செல்போன் கடையிலோ, வேலைக்கு அனுப்பிய முகவர் அலுவலகத்திலோ யாராவது அவசரத்துக்குத் திறந்து கொடுத்திருந்தால், மீட்பு எண்ணாக அவர்களுடைய எண்ணே பதிந்திருக்கக்கூடும். திரையில் 'கடைசி இரண்டு இலக்கம் 47 என்ற எண்ணுக்குக் குறியீடு அனுப்பினோம்' என்று வந்து, உங்கள் எண் 47இல் முடியவில்லையென்றால், யாருடைய எண் என்று ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இப்படி வந்தவர் ஒருவருக்குக் குறியீட்டை வாசித்துக் காட்டியது அவருடைய மச்சான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அடுத்து விசைப்பலகை. தமிழில் தட்டச்சுகிறவர்களுக்கு வரும் பிரச்சினை இது. தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்திருக்கும் நிலையில் கடவுச்சொல் பெட்டிக்கு வந்தால், நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்தாக விழாமல் போகலாம். பெட்டியில் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் விசையைத் தட்டினால் எந்தமொழி விசைப்பலகை ஓடுகிறது என்று காட்டும். பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பில் இரட்டை மேற்கோள் குறியும் 'அட்' குறியும் இடம் மாறியிருக்கும், ஆகவே கடவுச்சொல்லில் 'அட்' வைத்திருப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தி, என்ன அடித்தோம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா என்றும் பாருங்கள்.

கடிகாரம்

துவாஸ் தம்பியின் கோளாறு இங்கேதான் இருந்தது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து மடிக்கணினியோடு வருகிறவர்கள் பலரும் இதே காரியத்தைச் செய்கிறார்கள்.

சாங்கியில் இறங்கி அறைக்கு வந்து கணினியைத் திறந்தால் மணி இரண்டரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது. நேர வலயத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தானாக நேரம் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, முள்ளைத் திருப்புவதுபோல மணியை மட்டும் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறோம். இப்போது திரையில் சரியான நேரம் தெரிகிறது. ஆனால் கணினிக்குள் வலயம் இன்னும் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்றுதான் இருக்கிறது. சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் உலகப் பொது நேரம் நண்பகல் 12. உங்கள் கணினியோ சென்னையில் இரவு 8 என்று நம்பி, உலகப் பொது நேரம் பிற்பகல் 2.30 என்று கணக்குப் போடுகிறது.

அதனால் என்ன கெட்டுப்போகிறது? கடவுச்சொல் சரியாக இருந்தால் கிளவுட் நிறுவனம் உங்கள் கணினிக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சீட்டு அது. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை செல்லும் என்று அதில் உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கும். பல சேவைகளில் அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கணினியில் அந்தத் தேதியைச் சரிபார்க்கும் செயலி, சீட்டு கைக்கு வந்தபோதே காலாவதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. 'மறுபடியும் நுழையுங்கள்' என்கிறது. நுழைந்தால் மறுபடியும் ஒரு சீட்டு, அதுவும் காலாவதி. தம்பி மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றியும் சுற்று நிற்காததற்கு இதுதான் காரணம். நிறுவனத்தின் வலையமைப்பில் சேர்ந்த விண்டோஸ் கணினிகள் இன்னும் கறார், வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ளாது.

சரிசெய்வது எளிது. விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லேங்குவேஜ்', 'டேட் அண்ட் டைம்' என்று போங்கள். நேர வலயத்தில் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை இயக்குங்கள். கீழே 'சிங்க் நௌ' என்ற பொத்தானை அழுத்துங்கள். மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'டேட் அண்ட் டைம்'. முடித்ததும் கணினியை ஒருமுறை அணைத்துத் திறப்பது நல்லது. (இந்த இரண்டரை மணி நேரக் கணக்கு 1982 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து வந்தது. அன்றுதான் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்துபோக அரை மணி நேரம் முன்னே போனது. அதற்குமுன் ஊருக்கும் இங்கேக்கும் சரியாக இரண்டு மணி நேரம்.)

திறன்பேசியிலும் இதே தந்திரத்தைச் செய்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும். நுழைவுக் குறியீடு தரும் அத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண் நேரத்தை வைத்தே பிறக்கிறது, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. திறன்பேசியின் நேரம் சில நிமிடங்கள் தள்ளியிருந்தாலே அது காட்டும் எண்கள் எல்லாம் செல்லாதவை. அங்கேயும் நேரத்தைத் தானாக அமையும்படி விட்டுவிடுங்கள்.

பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல வருடங்கள் பின்னே போய் நின்றால், தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி அவ்வளவு பின்தங்கினால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும், உலாவி எந்தப் பக்கத்தையும் திறக்க மறுக்கும். பேட்டரியின் மேல் 2032 என்று எழுதியிருக்கும். சில வெள்ளிக்குள் முடிகிற வேலை. சிம் லிம் ஸ்குவேர் வரை போக வேண்டியதில்லை, பக்கத்துப் பேரங்காடியிலேயே கிடைக்கும்.

உலாவியில் சிக்கலா, கணக்கில் சிக்கலா?

இதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. குரோமிலோ எட்ஜிலோ கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'என்'னுக்குப் பதில் 'பி'. தடம் பதியாத தனி ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் நுழைந்து பாருங்கள். அங்கே திறந்தால் உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் நலம். பழைய குக்கியோ (தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), ஏதாவது ஒரு நீட்சியோ (உலாவியில் சேர்க்கும் துணைச் செயலி) தான் வழிமறிக்கிறது.

உடனே எல்லாக் குக்கிகளையும் அழிக்கப் போகாதீர்கள். அப்படி அழித்தால் திறந்திருக்கும் மற்றக் கணக்குகள் அனைத்திலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். மீட்புக் குறியீடு வந்து விழ வேண்டிய மின்னஞ்சலும் அதில் ஒன்றாக இருந்தால் போச்சு. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்தினால் அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழிக்க வழி இருக்கும். பிறகு நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான்களையும் 'இலவச விபிஎன்' நீட்சிகளையும் முதலில்.

விபிஎன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோல் இணையத்துக்குக் காட்டும் வசதி அது. ஊர்ச் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்க இந்திய முகவரி காட்டும் விபிஎன் வைத்திருக்கிறோம். பத்து மணிக்குத் திறன்பேசியில் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், பத்தே காலுக்குக் கணினியில் மும்பையில் இருக்கிறீர்கள். எந்தப் பாதுகாப்பு அமைப்புக்கும் இது திருட்டு நுழைவாகத்தான் தெரியும். கணக்கில் நுழையும்போதாவது அதை அணையுங்கள். விபிஎன்னை நீக்கிய பிறகும் அது விட்டுப்போன பிராக்ஸி அமைப்பு (உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடுவது) அப்படியே கிடக்கலாம். விண்டோஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'பிராக்ஸி' என்பதைத் திறந்து, நீங்கள் போடாத முகவரி எதுவும் அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நூலகத்திலோ உணவங்காடியிலோ வயர்லெஸ்@எஸ்ஜி மூலம் இணைந்திருந்தால், அந்த இணைப்பின் சொந்த நுழைவுப் பக்கத்தை முதலில் முடிக்க வேண்டும். முடிக்காதவரை நீங்கள் திறக்கும் கணக்குப் பக்கம் வராது, அல்லது சான்றிதழ் எச்சரிக்கை வரும். சந்தேகமிருந்தால் திறன்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து ஒருமுறை முயலுங்கள். அதில் திறந்தால் குற்றம் இணைய இணைப்பின் மேல்.

குறியீடு வரவில்லை

கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது. குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வரும் என்கிறது. வரவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு நேர்கிற உண்மையான துன்பம் இதுதான், ஏனென்றால் கணக்கில் இருப்பது ஊர் எண்.

ஊர் சிம்மை இன்னும் வைத்திருந்தால் ஏதாவது ஒரு திறன்பேசியில் போட்டு, ரோமிங் இயங்குகிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்திருந்தால் எண் துண்டிக்கப்பட்டிருக்கும், நாளடைவில் வேறொருவர் கைக்கும் போய்விடும். அப்போது உங்கள் குறியீடு அவருக்குப் போகும். எண்ணைக் கைவிடுவதற்கு முன்னால் கணக்குகளில் சிங்கப்பூர் எண்ணை ஏற்றிவிடுங்கள் என்று புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்லி வாய் வலித்துவிட்டது. இங்கே எடுக்கும் ப்ரீபெய்ட் அட்டைக்கும் காலாவதி உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

சிங்கப்பூர் எண்தான், இருந்தும் குறியீடு வரவில்லை என்றால், அது வந்து வேறு பெயரில் ஒளிந்திருக்கக்கூடும். 2023 ஜனவரி 31 முதல், இங்குள்ள பதிவேட்டில் சேராத நிறுவனப் பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் 'லைக்லி ஸ்கேம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் விழுகின்றன. வெளிநாட்டுச் சிறு சேவைகள் பதிவு செய்திருக்கவில்லையென்றால் அவற்றின் குறியீடும் மோசடிச் செய்திகளோடு அங்கேயே கிடக்கும். ஐபோனில் மோசடிச் செய்திகளை வடிகட்டும் ஸ்கேம்ஷீல்டு செயலி வைத்திருந்தால் 'ஜங்க்' பெட்டியையும் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு முன் நீங்களே கேட்ட குறியீடாக இருந்தால் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கும் எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள். தொலைபேசி அழைப்பில் குறியீடு வாசிக்கும்படி கேட்டிருந்தால், வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியை உங்கள் எண்ணில் போட்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் புதிதாக வந்திருக்கும் பாஸ்கீ முறையில் மேசைக் கணினிக்காரர்களுக்கு ஒரு தடை. கணினித் திரையில் கியூஆர் கட்டம் வரும், திறன்பேசியால் வருடினால் நுழைந்துவிடலாம் என்பார்கள். இதற்கு இரண்டு பக்கமும் புளூடூத் இயங்க வேண்டும், இரண்டும் அருகருகே இருக்கின்றன என்பதை அதை வைத்துத்தான் உறுதிசெய்கிறது. பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத்தே கிடையாது. 'வேறு வழியில் முயலுங்கள்' என்பதை அழுத்திக் கடவுச்சொல் வழியாகப் போங்கள். யூஎஸ்பியில் செருகும் சிறு புளூடூத் துண்டு வாங்கிப் போட்டாலும் சரி.

திறன்பேசியை மாற்றியவர்கள் பழையதைக் கடையில் கொடுப்பதற்குமுன் அத்தென்டிகேட்டர் செயலியைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டும். கொடுத்தபின் ஞாபகம் வந்தால் மிஞ்சியிருப்பது மாற்றுக் குறியீடுகள்தான். கூகுள் கணக்கில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து தருவார்கள், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கடப்பிதழோடு வையுங்கள். அதே கணக்கின் டிரைவில் சேமித்துவைத்த புத்திசாலிகளும் உண்டு. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

சிங்பாஸ் இருக்கிறதே, அதை வைத்து ஜிமெயிலைத் திறக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அரசாங்கச் சேவைகளிலும் அதை ஏற்கும் தனியார் சேவைகளிலும்தான் சிங்பாஸ் நடக்கும், கூகுளுக்கு அது தெரியாது.

உலாவியில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை

மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் போன்ற கோப்புச் சேமிப்புச் செயலிகள் பழைய கடவுச்சொல்லையும் பழைய சீட்டையும் விண்டோஸின் ஓர் அலமாரியில் சேர்த்துவைக்கின்றன. 'கன்ட்ரோல் பேனல்' உள்ளே 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று இருக்கும். 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பட்டியலில் அந்தச் செயலியின் பெயரோடு இருக்கும் வரிகளை மட்டும் நீக்குங்கள். மேக்கில் இதே வேலையைக் கீசெயின் செய்கிறது. அதிலும் தீரவில்லையென்றால், ஒன்டிரைவின் அமைப்புகளில் 'அன்லிங்க் திஸ் பிசி' என்று கொடுத்து மறுபடி இணையுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கணினியில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் கோப்புகள் அழியாது.

நுழைவுச் சிக்கல் என்று கொண்டுவருவதில் சில உண்மையில் இடப் பற்றாக்குறை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதற்குள்தான். ஒன்டிரைவும் ஐகிளவுடும் ஆளுக்கு 5 ஜிபி. நிரம்பிவிட்டால் கோப்பு ஏறாது, செயலியின் மேல் சிவப்புக் குறி விழும். பார்ப்பவருக்குக் கணக்கு முடங்கியதுபோல் தெரியும்.

அலுவலகக் கணக்கில் 80090016 என்ற எண்ணோடு பிழை வந்தால் அது கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு சம்பந்தப்பட்டது. தாய்ப்பலகை மாற்றிய கணினிகளில் வரும். இணையத்தில் படித்துவிட்டு அந்தச் சில்லில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். வட்டு பிட்லாக்கரால் (கோப்புகளைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டியிருந்து, மீட்பு விசை கையில் இல்லையென்றால், கோப்புகள் மொத்தமும் போய்விடும். அலுவலகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கொடுப்பதுதான் சரி.

உண்மையிலேயே மறந்துவிட்டால்

சரி, இப்போது கடவுச்சொல்லை மாற்றலாம். நிறுவனத்தின் சொந்த மீட்புப் பக்கத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில், வழக்கமான இடத்திலிருந்து, விபிஎன் இல்லாமல் செய்யுங்கள். கூகுள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கடைசியாக நினைவிருக்கும் கடவுச்சொல்லைக் கேட்டால், பழையதாக இருந்தாலும் கொடுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

மைக்ரோசாஃப்டில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் கைவிட்டுப்போய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் பொறுமையிழந்து எதையாவது மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஆப்பிளும் கணக்கு மீட்புக்குப் பல நாள் எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்தோ கெஞ்சியோ அதைச் சுருக்க முடியாது.

அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் ஆபத்து. 'ஜிமெயில் உதவி எண்' என்று தேடி, முதலில் வரும் விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைக்கிறார்கள். எதிர்முனையில் மரியாதையாகப் பேசுகிறவர், திரையைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அப்புறம் வங்கிக் கணக்கு. சிங்கப்பூரில் 2024இல் மட்டும் மோசடிகளில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். கூகுளோ மைக்ரோசாஃப்டோ உங்களைத் தானாக அழைத்துக் குறியீடு கேட்காது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேளுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் எஸ்ஜி டிஜிட்டல் நிலையங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உடன் உட்கார்ந்து உதவுகிறார்கள். எங்கள் மாடி அக்கா ஒருவர் அங்கேதான் கற்றுக்கொண்டு, இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.

உள்ளே போனபின்

திறந்த மகிழ்ச்சியில் கணினியை மூடிவிடாதீர்கள். பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். மாற்றுக் குறியீடுகளை அச்சிடுங்கள். கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். நூலகக் கணினியில் விட்டுவந்த கணக்கையும் இங்கிருந்தே மூடலாம்.

துவாஸ் தம்பிக்கு இதையெல்லாம் முடித்துக் கொடுத்தபோது மணி நான்கு. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அண்ணே, இப்ப சிங்கப்பூர் டைம் வச்சாச்சு. ஊர்ல மணி என்னன்னு எதுல பாக்குறது? பாப்பா தூங்குறதுக்கு முன்னாடி போன் போடணும்." விண்டோஸில் அதே 'டேட் அண்ட் டைம்' பக்கத்தில் 'அடிஷனல் கிளாக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. இன்னும் இரண்டு ஊர்களின் நேரத்தைச் சேர்க்கலாம். சென்னை வலயத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் இடும் பெட்டியில் என்ன போடட்டும் என்று கேட்டேன். பாப்பாவின் பெயரைச் சொன்னார்.